மாதேஸ்வரன் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

2023 பிப்ரவரி 23ஆம் தேதி, கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் மத்தூர் தாலுகா கே.எம். தொட்டியிலிருந்து சுமார் 30 ஆண்கள் மாதேஸ்வரன் மலைக்கு நடக்கத் தொடங்கினார்கள். மூன்று நாள் நடை. நூறு கிலோமீட்டருக்கு மேல். மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் 60 ஆகியிருந்தது. மாதேஸ்வரனுக்கு நடந்து போவது மண்டியாப் பக்கத்து மக்களுக்குப் பழகிய காரியம். சிவராத்திரிக்கும் தீபாவளிக்கும் ஊர் ஊராக நடப்பார்கள். இவர்களுடைய வேண்டுதல்தான் புதிது. நடந்தவர்கள் கல்யாணமாகாதவர்கள், பெரும்பாலும் முப்பதைத் தாண்டிய விவசாயிகள். பெண் கிடைக்க வேண்டும் என்று நடந்தார்கள். ‘பிரம்மச்சாரிகளின் பாதயாத்திரை’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். முதலில் 200 பேருக்கு மேல் பெயர் கொடுத்திருந்தார்கள். உள்ளூர் ஊடகங்கள் கேலி கலந்து பேசத் தொடங்கியதும் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள்.

அதே மலைக்குத் தெற்கே இறங்கினால் மேட்டூர், அந்தியூர், பவானி. கொங்கு நாடு. மாதேஸ்வரன் மலை இருக்கும் பழைய கொள்ளேகால் தாலுகாவே 1956 நவம்பர் வரை கோயமுத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் காவிரி ஒன்று, மாதேஸ்வரன் ஒருவர், நிலத்தை நம்பிய உழவர் சாதிகளின் செல்வாக்கும் ஒன்றுபோலத்தான். இந்தப் பக்கம் ஒக்கலிகர், அந்தப் பக்கம் கொங்கு வேளாளக் கவுண்டர். பெண் கிடைக்காத குறையும் இரண்டு பக்கத்துக்கும் பொது. ஆனால் கொங்கில் யாரும் இதற்காகப் பாதயாத்திரை போகவில்லை. அங்கே தரகரோடு கார் ஏறிக் கேரளத்துப் பாலக்காட்டுக்குப் போனார்கள்.

ஒரே குறைக்கு ஒரு பக்கம் சாமியிடம் போவதும், மறுபக்கம் எல்லை தாண்டிப் போவதும் ஏன்? இரண்டில் எது எதைச் சாதித்தது? இதை யோசிக்க மைசூரின் மண்டி மொஹல்லா நல்ல இடம். பெயரிலேயே மண்டி இருக்கும் பழைய வியாபாரப் பகுதி. உருதும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் கேட்கும். இங்கிருந்து மண்டியா 45 கிலோமீட்டர். சாமராஜநகர், திம்பம் வழியாக இறங்கினால் சத்தியமங்கலம், அதற்கப்பால் கொங்குச் சமவெளி. இரண்டு பக்கத்து ஊர்ப் பெண்களும் படிக்கவும் வேலை பார்க்கவும் ஊரை விட்டுப் போய்ச் சேர்வது மைசூர், பெங்களூரு, கோவை போன்ற நகரங்களுக்குத்தான். பெண் தேடும் ஆண்கள் கிராமத்தில் இருக்கிறார்கள். தேடப்படும் பெண்கள் நகரத்தில் இருக்கிறார்கள். ஊரிலிருந்து மட்டும் பார்த்தால் இது பெண் பஞ்சமாகத் தெரியும். நகரத்திலிருந்து பார்த்தால் வேறொன்றும் தெரியும்.

ஊரின் அமைப்பும் தனிமையின் அமைப்பும்

மண்டியாவில் ஊர் என்றால் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் ஊர். வயல் ஊருக்கு வெளியே இருக்கும். கிருஷ்ணராஜ சாகர் அணையின் தண்ணீர் 1930களில் கால்வாயில் ஏறிய பிறகு இங்கே நெல்லும் கரும்பும் பெருகின. 1933இல் மண்டியாவில் சர்க்கரை ஆலை வந்தது. காலையில் வயலுக்குப் போனவர்கள் மாலையில் ஊருக்குத் திரும்பி அரசமரத்து மேடையில் உட்கார்வார்கள். இங்கே கல்யாணமாகாதவனுக்கு ஆள் துணைக்குக் குறைவில்லை. அவன் தனிமை கூட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. ‘மதுவெ யாவாக?’ (கல்யாணம் எப்போது?) என்று கேட்காத வாய் இல்லை. தம்பி வயதுக்காரனின் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது; இவன் இன்னும் அம்மா போட்டதைச் சாப்பிடுகிறான். ஊர்த் திருவிழாவில், பந்தியில், சாவு வீட்டில் அவனுக்கென்று ஓர் இடம் அமைவதில்லை.

கொங்கில் வீடு தோட்டத்துக்குள் இருக்கிறது. கிணறு, தென்னை, கட்டுத்தரை, அதை ஒட்டி ஒரு வீடு அல்லது சாளை. அடுத்த வீடு கூப்பிடு தூரத்துக்கு அப்பால். சந்தை நாளும் விசேஷமும் இல்லையென்றால் வாரக்கணக்கில் வெளியாள் முகம் பார்க்காமலேயே காலம் போகும். பிள்ளைகள் குறைந்த வீடுகளில் வயதான அப்பா, அம்மா, நாற்பதை நெருங்கும் மகன் என மூன்று பேர்தான் மிஞ்சுகிறார்கள். பேச்சு சாதகத்தைச் சுற்றியே வரும். நாள் போகப் போகப் பேச்சும் குறையும். பெருமாள்முருகன் எழுதிய ‘கங்கணம்’ நாவலின் மாரிமுத்து இந்த உலகத்து ஆள்: நிலம் உண்டு, உழைப்பு உண்டு, முப்பதுகளின் நடுவில் இருக்கிறான், பெண் அமையவில்லை. ஒரு சமூகத்தின் கதையை ஒருவனின் காத்திருப்பில் வைத்துச் சொன்ன நாவல் அது. மண்டியா ஆண்கள் தெருவில் இறங்குவதற்குச் சுமார் பதினைந்து ஆண்டுகள் முன்பே தமிழில் வந்துவிட்டது.

ஊரின் அமைப்பு வேறாக இருப்பதால் வெட்கத்தின் போக்கும் வேறாகிறது. மண்டியாவில் யாருக்குக் கல்யாணமாகவில்லை என்பது ஊருக்கே தெரியும். மறைக்க ஒன்றுமில்லை என்றான பிறகு அதை வெளியே சொல்வதில் இழப்பும் இல்லை. காவிரிக்காகவும் கரும்பு விலைக்காகவும் கூட்டமாகச் சாலைக்கு வந்து பழகிய ஊர்கள் அவை. சொந்தக் குறையையும் அப்படியே கூட்டமாக எடுத்துவந்தார்கள். கொங்கில் குறை தோட்டத்து வேலியைத் தாண்டக் கூடாது. போர்வெல்லும் விசைத்தறியும் லாரியும் கோழிப்பண்ணையும் ஒவ்வொரு குடும்பமாகத் துணிந்து போட்ட முதலில் வளர்ந்த பகுதி அது. பெண் தேடுவதும் அதே வழியில் போனது: செலவைத் தானே ஏற்று, ஆள் வைத்து, சத்தமில்லாமல்.

பஞ்சம் வந்த வழி

பெண் இல்லை என்று இரண்டு பக்கத்து ஆண்களும் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை உண்டாக்கியது அவர்களுடைய பெற்றோர் தலைமுறை. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்குச் சேலம் மாவட்டத்தில் 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். பக்கத்துத் தர்மபுரியில் 826. தமிழ்நாட்டின் சராசரி அப்போது 942. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில்தான் தொடங்கியது என்பதே அங்கு நிலைமை எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி. கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994இல் வந்து, 1996இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகும் வழக்கம் நிற்கவில்லை. 2023இன் கடைசியில் பெங்களூரு போலீசார் பிடித்த ஒரு கும்பல், மண்டியா மாவட்டத்தில் வெல்லம் காய்ச்சும் ஆலைமனை ஒன்றில் ஸ்கேன் கருவியை வைத்துக் கருவின் பாலினம் பார்த்துவந்தது என்பது குற்றச்சாட்டு. பிரம்மச்சாரிகள் நடந்த அதே ஆண்டு, அதே மாவட்டம்.

மண்டி மொஹல்லாவின் சாடே ரோட்டில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை இருக்கிறது. மிஷன் ஆஸ்பத்திரி என்றால் மைசூரில் எவரும் வழி சொல்வார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று 1906இல் தொடங்கியது. 1934 முதல் இங்கே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு எல்லாம் பேரேட்டில் பதிவாயின. அரை நூற்றாண்டுக்குப் பிறகு மருத்துவ ஆய்வாளர்கள் அந்தப் பேரேடுகளை வைத்து, அதில் பதிவான குழந்தைகளைப் பெரியவர்களாகத் தேடிக் கண்டுபிடித்து, பிறப்பு எடைக்கும் பிற்கால இதயநோய்க்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வுகள் உலக அளவில் பேசப்பட்டன. பெண் குழந்தையும் ஆண் குழந்தையும் ஒரே தராசில் ஏறி, ஒரே பேரேட்டில் இடம் பிடித்த வரலாறு இது. ஆலைமனை ஸ்கேன் கருவி கேட்டது ஒரே கேள்வி. இரண்டுக்கும் இடையே தூரம் ஒரு மணி நேரப் பயணம்.

பிறக்காமல் போன பெண்கள் மணப்பெண் கணக்கில் மட்டும் குறையவில்லை, முறையிலும் குறைந்தார்கள். மலையின் இரண்டு பக்கமும் அத்தை மகளும் மாமன் மகளும் அக்கா மகளும் ஒருவனுக்குப் பிறப்பிலேயே அமைந்த முறைப்பெண்கள். அழகும் வேலையும் எப்படியிருந்தாலும், சொந்தத்தில் ஒரு கதவு அவனுக்குத் திறந்திருக்கும். ஒற்றை மகனோடு நிறுத்திக்கொண்ட வீடுகளில் அக்காவே இல்லை. அக்கா மகள் எங்கிருந்து வருவாள்? கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் செய்ய வேண்டிய சீர். கூடப் பிறந்தவள் இல்லாத மாப்பிள்ளைக்குப் பங்காளி வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுச் சீர் செய்வது இன்று சாதாரணமாகிவிட்டது. சடங்கு ஒரு மாற்று ஏற்பாட்டோடு நடந்துவிடுகிறது. பெண் தேடுவதற்கு அப்படி மாற்று எளிதில் அமைவதில்லை.

ஆனால் கணக்கு இதோடு முடிவதில்லை. 2001இல் ஆறு வயதுக்குட்பட்டிருந்த பையன்கள் இன்றுதான் கல்யாண வயதில் நிற்கிறார்கள். கேரளத்திலிருந்து பெண் கொண்டுவருவதோ அதற்கு முன்பே, 2000களிலேயே கொங்கில் பரவத் தொடங்கிவிட்டது. மண்டியாவில் நடந்தவர்களும் அதற்கு முன் பிறந்தவர்கள். ஆகவே பிறக்காத பெண்களை மட்டும் வைத்து இந்தப் பஞ்சத்தை விளக்க முடியாது. பிறந்து, வளர்ந்து, படித்து, ‘வேண்டாம்’ என்று சொன்ன பெண்களும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

அவர்கள் வேண்டாம் என்றதற்குக் காரணம் நிலத்தில் இருக்கிறது. தந்தை வழிக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்ற சட்டத்தைத் தமிழ்நாடு 1989இலும் கர்நாடகம் 1994இலும் கொண்டுவந்தன. நாடு முழுக்க அது வந்தது 2005இல்தான். முன்னோடி மாநிலங்கள் இரண்டும். நடைமுறையில் கல்யாணத்துக்குப் போட்ட நகையைக் காட்டி, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, நிலத்தை அண்ணன் தம்பிகளே வைத்துக்கொள்கிறார்கள். நிலத்தில் பங்கில்லாத பெண்ணுக்குக் கிடைத்த ஒரே சொத்து படிப்பு. அந்தச் சொத்து சம்பளமாக மாறுவது நகரத்தில். பிறந்த வீட்டு நிலத்திலும் பேர் இல்லை, புகுந்த வீட்டு நிலத்திலும் பேர் இருக்காது, மாட்டுக்கொட்டகையும் களையெடுப்பும் மட்டும் தன் பங்குக்கு வரும் என்று தெரிந்தவள் விவசாயி மாப்பிள்ளையை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? மகனுக்கென்று நிலத்தைக் காப்பாற்றிய குடும்பங்கள், அந்த நிலத்தாலேயே மகனுக்குப் பெண் கிடைக்காமல் நிற்கின்றன.

மடத்திடமும் தரகரிடமும்

பாதயாத்திரைக்குச் சில மாதங்களுக்கு முன், 2022 நவம்பரில், மண்டியா மாவட்டம் நாகமங்கலா தாலுகாவில் உள்ள ஆதிசுஞ்சனகிரி மடத்தில் ஒக்கலிகர் வரன் பார்க்கும் கூட்டம் நடந்தது. வந்த மாப்பிள்ளைகள் 11,000க்கும் மேல். பெண்கள் சுமார் 250. பத்திரிகைகள் அதை வேடிக்கையாக எழுதின. ஆனால் மண்டியா வழியின் பலம் என்ன, பலவீனம் என்ன என்பது அந்த ஒரு கூட்டத்தில் தெரிந்தது. தனித்தனியாக நாணி நின்றவர்கள் மடத்தின் கூரைக்குக் கீழே ஒரு சமூகக் கேள்வியாக மாறினார்கள். அரசியலும் அதைக் கவனித்தது. 2023 ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல் பிரசாரத்தின்போது கோலாரில் பேசிய முன்னாள் முதல்வர் எச்.டி. குமாரசாமி, விவசாயி மகனைக் கல்யாணம் செய்துகொள்ளும் பெண்ணுக்கு 2 லட்சம் ரூபாய் தருவதாக வாக்குறுதி கொடுத்தார். பெயரைப் பதிவு செய்தது மடம், வேண்டுதலைக் கேட்டது மலை, விலை சொன்னது தேர்தல். பெண் மட்டும் வரவில்லை.

கொங்கு வழியில் மேடை இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மாடும் காய்கறியும் கூலியாட்களும் காலங்காலமாகப் போய்வந்த பாதையில் தரகர்களும் போய்வரத் தொடங்கினார்கள். பெண் வீட்டுக்கு வரதட்சணைச் சுமை இல்லை. பெரும்பாலும் கல்யாணச் செலவும் நகையும் மாப்பிள்ளை வீட்டுடையது. தரகருக்கு இரண்டு பக்கமும் கமிஷன். சாதகம் பார்த்து, போட்டோ பார்த்து, ஒரு நாளில் போய்ப் பேசி முடித்துவரும் கல்யாணம். இந்த வழி வேலை செய்தது. கொங்கு ஊர்கள் பலவற்றில் ‘கேரளாப் பொண்ணு’ என்று அடையாளம் சொல்லப்படும் மருமகள்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கொங்குத் தமிழ் பேசிப் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

மண்டியா குறையைப் பேசியது, தீர்க்கவில்லை. கொங்கு ஓரளவு தீர்த்தது, பேசவில்லை. இப்படிச் சுருக்கிச் சொன்னால் கொங்கு வழிதான் மேல் என்று தோன்றும். அப்படி முடிவு கட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகளைப் பார்க்க வேண்டும்: அந்த வழி யாரைத் தவிர்க்கிறது? வந்தவளுக்கு என்ன ஆகிறது?

தூரத்துச் சாதி, பக்கத்துச் சாதி

கொங்கு வேளாளரிடம் சம்பந்தம் பேசினால் முதல் கேள்வி ‘எந்தக் கூட்டம்?’ என்பது. ஒரே கூட்டத்தார், அதாவது ஒரே குலத்தார், பங்காளிகள். கொள்வினை கொடுப்பினை கிடையாது. சாதிக்குள், கூட்டத்துக்கு வெளியே, பொருத்தத்துக்கு உட்பட்டு என்று வட்டத்துக்குள் வட்டமாக இருந்த தேடல், பாலக்காட்டுக்குப் போனதும் சட்டென்று தளர்ந்துவிடுகிறது. வருகிறவளுக்குக் கூட்டம் இல்லை. சாதி வேறு, மொழி வேறு. எல்லாம் ஏற்கப்படுகிறது.

அதே மண்ணில், 2015 ஜூனில், உடன் படித்த கவுண்டர் பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்த தலித் இளைஞர் கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்டார். 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மண்டியாவும் இதற்கு விலக்கில்லை. தலித் இளைஞரை விரும்பியதற்காகப் பெற்ற மகளையே கொன்ற வழக்கு மத்தூர் தாலுகாவிலேயே உண்டு. மணப்பெண்ணுக்காக மலையேறும் தாலுகா அது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் சாதி எப்படி வேலை செய்கிறது என்பது துலங்குகிறது. சாதி காப்பது இரத்தத்தை என்று சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையில் அது காப்பது அக்கம்பக்கத்தை. ஊரின் மறுபக்கத்திலிருந்து வருபவனுக்கோ வருபவளுக்கோ உறவு இருக்கிறது, அந்த உறவுக்கு ஊரில் உரிமை இருக்கிறது. நாளை சம்பந்தி என்று திண்ணையில் உட்கார ஆள் வரும். எல்லை தாண்டி வந்தவளுக்கு இங்கே யாருமில்லை. அவள் சாதி அவளோடு தனியாக வருகிறது, ஊர் அதிகாரத்தை அசைக்காத அளவுக்குத் தனியாக. ஆணாதிக்கமும் இதில் கலந்திருக்கிறது: வேற்றுச் சாதிப் பெண்ணை உள்ளே எடுப்பது வேறு, தன் சாதிப் பெண் வெளியே போவது வேறு. இந்த வழி தவிர்ப்பது காதலை. ஒரே கல்லூரிப் பேருந்தில், ஒரே நூல் மில்லில், ஒரே சந்தையில் தானாக முளைத்திருக்கக்கூடிய உறவுகளுக்கு வேலி போட்டுவிட்டு, முன்பின் பார்த்திராதவளை எல்லைக்கு அப்பாலிருந்து அழைத்துவருகிறார்கள்.

மண்டியா இந்த விஷயத்தில் கொங்கைவிட இறுக்கம். மடத்துக் கூட்டம் சாதிக்குள் மட்டும் தேடிய கூட்டம். வேற்றுச் சாதியில் பெண் எடுக்கத் தயார் என்று அங்கங்கே ஆண்கள் சொல்வதுண்டு. அதை ஒரு அமைப்பின் குரலாக யாரும் எழுப்பவில்லை.

வந்தவளின் தனிமை

இரண்டு பக்கத்துப் பேச்சிலும் தனிமை என்பது ஆணுடைய சொத்து. வந்தவளுக்கும் அது உண்டு என்பதை மைசூர் முன்பே பார்த்திருக்கிறது. மலபாரில் ‘மைசூர் கல்யாணம்’ என்று ஒரு வழக்கு உண்டு. நிலம்பூர் பகுதி போன்ற இடங்களில், வரதட்சணை கொடுக்க வழியில்லாத ஏழை முஸ்லிம் குடும்பங்கள், குறைந்த தொகையில் முடியும் என்று தரகர் சொன்ன மைசூர்ப் பக்கத்து மாப்பிள்ளைகளுக்குப் பெண்களைக் கட்டிக்கொடுத்தன. மொழி தெரியாத வீடு, விசாரிக்க ஆளில்லாத ஊர், பிறகு மேலும் பணம் கேட்ட கணவர்கள். கைக்குழந்தையோடு திரும்பி வந்த பெண்கள் பலர். நிலம்பூரில் 2009இல் வரதட்சணை ஒழிப்பு இயக்கம் நடந்ததன் பின்னணியில் இந்தத் துயரமும் இருந்தது.

கொங்குக் கல்யாணத்தையும் மைசூர் கல்யாணத்தையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது. அங்கே பெண்ணைத் தள்ளியது வரதட்சணை. இங்கே இழுத்தது பெண் பற்றாக்குறை. தேவைப்பட்டு அழைத்துவந்தவளுக்கு வீட்டில் கொஞ்சம் மதிப்பு உண்டு. அவளை இழக்க அந்தக் குடும்பம் துணியாது. பலர் நன்றாகவே வாழ்கிறார்கள். ஆனால் இரண்டு கல்யாணத்திலும் ஒன்று பொது: புறப்படும் பெண்ணிடம் தேர்வு இல்லை, அவள் வீட்டு வறுமைதான் முடிவு செய்கிறது. அவள் வந்து சேர்வது, உள்ளூர்ப் பெண் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே வாழ்க்கைக்கு. தோட்டத்து வீடு அதே இடத்தில் இருக்கிறது. அடுத்த வீடு அதே தூரத்தில் இருக்கிறது. பல்லடம், சிவகிரிப் பகுதிகளில் தனித் தோட்டத்து வீடுகளில் 2024, 2025இல் முதியவர்கள் கொலையுண்ட பிறகு அந்தத் தூரத்தின் பொருள் எல்லோருக்கும் தெரியும். பெயரை மாற்றிக்கொண்டு, சாப்பாட்டை மாற்றிக்கொண்டு, அம்மாவிடம் போனில் மலையாளத்தில் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பவள் அந்தத் தூரத்தில் புதிதாகக் குடியேறியவள். ஆணின் தனிமை தீர்ந்தது என்று கணக்கெழுதும்போது, அது இடம் மாறி எங்கே போனது என்பதையும் எழுத வேண்டும்.

ஹரியாணாவில் இது முற்றிய நிலையில் தெரிகிறது. வங்காளம், அசாம், பிஹார் என்று கிழக்கிலிருந்து வாங்கிவரப்படும் மருமகள்களை ‘பாரோ’, ‘மோல்கி’ என்று தனிப் பெயரிட்டே ஊர் ஒதுக்கிவைக்கிறது. 45 முதல் 60 வயதுவரையுள்ள, வருமானம் குறைந்த, கல்யாணமாகாதவர்களுக்கு மாதம் 2,750 ரூபாய் ஓய்வூதியம் என்று அந்த மாநில அரசு 2023 ஜூலையில் அறிவித்தது. பெண் தேடித்தர முடியாத அரசு, தனிமைக்கு உதவித்தொகை தர ஒப்புக்கொண்டது. மண்டியாவும் கொங்கும் தொடர்ந்து இதே வழியில் போனால் போய்ச் சேரும் இடம் அது.

தொலைவை அளப்பவள்

பெண் வராததற்கு ஊர் ஒதுக்குப்புறமாக இருப்பதே காரணம் என்று சொல்வதுண்டு. அது பொருந்தும் ஊர்கள் உண்டு. பிஹாரின் கைமூர் மலையில் உள்ள பர்வான் காலா என்ற கிராமத்தில் சாலை இல்லாததால் அரை நூற்றாண்டாகக் கல்யாணமே நடக்காமலிருந்தது. ஊர் மக்களே மலையை வெட்டிப் பாதை போட்ட பிறகுதான், 2017இல், ஒரு மணமகள் உள்ளே வந்தாள். மாதேஸ்வரன் மலையைச் சுற்றிய காட்டுக் கிராமங்களும் அப்படித்தான். இண்டிகநத்த போன்ற ஊர்களில் நோயாளியைத் துணித் தொட்டிலில் தூக்கித்தான் கீழே இறக்க வேண்டும். அடிப்படை வசதி கேட்டுத் தேர்தலைப் புறக்கணித்த அந்த ஊரில், 2024 ஏப்ரல் 26 அன்று வாக்குச்சாவடியும் வாக்கு இயந்திரமும் உடைக்கப்பட்டன. மண்டியா ஆண்கள் பெண் கேட்டு ஏறிப்போன மலைக்குப் பக்கத்திலேயே, பெண் கொடுக்க எவரும் யோசிக்கும் ஊர்கள் இருக்கின்றன.

ஆனால் மத்தூர் அப்படிப்பட்ட இடமில்லை. பாதயாத்திரை முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, 2023 மார்ச் 12 அன்று 118 கிலோமீட்டர் நீளமுள்ள பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையை மண்டியா மாவட்டத்தில்தான் பிரதமர் திறந்துவைத்தார். கால்வாய்த் தண்ணீர் உண்டு, ரயில் உண்டு, விரைவுச் சாலை உண்டு. ஈரோட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் எதில் குறைச்சல்? இருந்தும் அந்த ஊர்கள் பெண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கின்றன. சாலை போட்டதும் பர்வான் காலாவுக்குப் பெண் வந்தாள். மத்தூருக்குச் சாலை வந்தபோது பெண் அதில் ஏறி வெளியே போனாள். ஆகவே கிராமம் எவ்வளவு தொலைவு என்பதைச் சொல்ல வேண்டியது மைல்கல் இல்லை, அங்கே வாழப்போகிறவள். என் பெயரில் என்ன இருக்கும், என் கையில் காசு புழங்குமா, மாலையில் யாரிடம் பேசுவேன், வேலைக்குப் போக விடுவார்களா என்று அவள் போடும் கணக்கில் அந்தத் தொலைவு இருக்கிறது. இந்தக் கணக்கை மடமும் கேட்கவில்லை, தரகரும் கேட்கவில்லை.

மாதேஸ்வரனின் காவியத்தை இந்தப் பக்கத்தில் கம்சாளை என்ற தாளத்தைத் தட்டிப் பாடுவார்கள். அதில் சங்கம்மா என்ற காட்டுப் பெண்ணின் கதை வருகிறது. தேனும் வேட்டையும் தேடிப் போகும் கணவன், கற்புக்குக் கைமேல் சத்தியம் கேட்கிறான். அவள் மறுக்கிறாள். காட்டுக் குடிசையில் அவளைப் பூட்டி, மந்திரக் கட்டு போட்டுவிட்டுப் போய்விடுகிறான். தனியாகக் கிடந்தவள் கூப்பிட, துறவி உருவில் மாதேஸ்வரன் வந்து காப்பாற்றிப் பிள்ளை வரம் தருகிறார். கல்யாண வரம் கேட்டு ஆண்கள் நடந்துபோன சாமி, தன் கதையில் செவி கொடுத்தது கல்யாணத்துக்குள் அடைபட்ட பெண்ணுக்கு. அந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த ஊர்களுக்கு, ஒரு பெண் ஏன் சத்தியம் செய்ய மறுப்பாள் என்பது புரியாத விஷயமாக இருக்க முடியாது.

மண்டியா, கொங்கு இரண்டையும் எடைபோட்டால், இரண்டிடமும் மற்றது கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. தனிமையை வெட்கமில்லாமல் பொதுவில் சொல்லும் துணிவைக் கொங்கு மண்டியாவிடம் கற்கலாம். சாதியும் மொழியும் தாண்டி ஒருத்தியைக் குடும்பத்துக்குள் ஏற்க முடியும் என்பதை மண்டியா கொங்கிடம் கற்கலாம். தூரத்தில் முடிந்தது பக்கத்தில் ஏன் முடியாது என்பது கொங்கு தன்னிடமே கேட்க வேண்டிய கேள்வி. இரண்டு பக்கமும் இன்னும் தொடாதது ஒன்று: மகளுக்கு நிலத்தில் உண்மையான பங்கு, மருமகள் பெயரில் பட்டா, ஊருக்குள் மகனும் மகளும் தாமே துணை தேடினால் அரிவாள் எடுக்காத பெற்றோர். இவற்றுக்குப் பாதயாத்திரையும் வேண்டாம், கமிஷனும் வேண்டாம். அப்பன்மார் ஒப்புக்கொண்டால் போதும். அவர்கள் ஒப்பாதவரை, பெண் கிடைக்கவில்லை என்று மகன் அழும் அழுகைக்கு அவர்களே முதல் பொறுப்பாளிகள்.